ஐந்து தோட்டாவும் ஒரு காலி அறையும்

சுங்கை சிப்புட்காரன் ஒருவன் சுழல் துப்பாக்கியை ரசித்து எழுதுவது சிலருக்கு நெருடலாக இருக்கும். காரணம் எனக்கும் தெரியும். 1948 ஜூன் 16-ஆம் தேதி காலையில், எங்கள் ஊர்ப் பக்கத்து எல்ஃபில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர் என்ற துரை தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலையில், சில மைல் தள்ளி இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசன் என்ற துரையும் அவருடைய இளம் உதவியாளர் இயன் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசர காலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31-ஆம் தேதிதான் அது முடிந்தது.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949-இல் கைது செய்யப்பட்டார். அவர் மீதான குற்றம், ஒரு சுழல் துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தது. யாரையும் சுட்டதாக வழக்கு இல்லை. வைத்திருந்ததற்கே அவசர காலச் சட்டம் மரண தண்டனை விதித்தது. இந்திய அரசு கருணை கேட்டும் பயன் இல்லை. அந்த ஆண்டு மே 4-ஆம் தேதி புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

ஆகவே எங்கள் ஊரில் இந்தப் பொருளுக்கு எடை அதிகம். அதை வாங்கச் சொல்லியோ, வைத்துக்கொள்ளச் சொல்லியோ நான் எழுத வரவில்லை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. அந்தக் கண்டிப்பு இருக்கட்டும் என்பதே என் கருத்து. நான் சொல்ல வருவது வேறு. பழைய பெரிய வகைச் சுழல் துப்பாக்கி ஒன்றின் 100 ஆண்டு வரலாற்றில், இயந்திரத்தைக் கையாளும் எவருக்கும் தேவையான ஒரு பாடம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் அந்தப் பாடம் இன்னும் படிக்கப்படவில்லை.

திடலில் பார்த்த துப்பாக்கி

சின்ன வயதில் எங்கள் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ போன்ற படங்களுக்குக் கூட்டம் நெரியும். குதிரை, தொப்பி, இடுப்பில் துப்பாக்கி. மறுநாள் லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் பால்மரக் குச்சிதான் துப்பாக்கி. அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். அவசர காலத்தில் தோட்டத்துச் சிறப்புக் காவலராக இருந்தவர் அவர். குச்சியைக்கூட ஆளைப் பார்த்து நீட்டாதே என்பார்.

அந்தப் படங்களுக்கெல்லாம் மூலமான துப்பாக்கி, அமெரிக்க ராணுவம் 1873-இல் ஏற்ற கோல்ட் நிறுவனத்தின் ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’. நிறுவனத்தைத் தொடங்கிய சாமுவேல் கோல்ட் 1862-லேயே இறந்துவிட்டார். வடிவமைப்பில் பெரும்பங்கு வில்லியம் மேசன் என்ற பொறியாளருடையது. குழலின் உள்விட்டம் 0.45 அங்குலம், அதாவது பதினொன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நம் சுண்டு விரல் நகத்தின் அகலம் இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இதன் தயாரிப்பு நின்றது. பிறகு தொலைக்காட்சியில் கௌபாய்த் தொடர்கள் வந்ததும் ரசிகர்கள் கேட்கத் தொடங்க, 1950-களில் மறுபடி செய்ய ஆரம்பித்தார்கள்.

‘சிங்கிள் ஆக்‌ஷன்’ என்றால் விசைக்கு ஒரே வேலை என்று பொருள். பின்னால் உள்ள சுத்தியலை ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். விசை அதை விடுவிக்கும், அவ்வளவுதான். மலாயாவில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் இடுப்பில் இருந்த வெப்லி, என்ஃபீல்டு வகைகள் அப்படி அல்ல. அவற்றில் விசையை அழுத்தினாலே சுத்தியல் பின்னால் போய்த் திரும்பி வந்து அடிக்கும். வேகத்துக்கு அவை மேல். எளிமைக்கும் உறுதிக்கும் கோல்ட் மேல் என்பது ரசிகர்கள் கட்சி.

நான்கு ஒலிகள்

நம் பழைய வழக்கில் துப்பாக்கியின் சுத்தியலுக்குக் ‘குதிரை’ என்று பெயர். அந்தக் குதிரையை மெல்லப் பின்னுக்கு இழுத்தால் நான்கு முறை ‘க்ளிக்’ என்று கேட்கும். ரசிகர்கள் இந்த நான்கு ஒலிக்காகவே இதை விரும்புகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு.

சுத்தியலின் அடிப்பாகத்தில் மூன்று வெட்டுகள் இருக்கின்றன. விசையின் மேல் நுனி அந்த வெட்டுகளில் ஒவ்வொன்றாக விழும். முதல் வெட்டில் விழும்போது முதல் ஒலி. சுத்தியல் தோட்டாவிலிருந்து மயிரிழை தள்ளி நிற்கும். இதற்குப் பெயர் பாதுகாப்பு வெட்டு. இரண்டாவது வெட்டில், ஆறு அறைகள் கொண்ட உருளையைப் பூட்டியிருக்கும் ஆணி கீழே இறங்கிவிடும். உருளை தாராளமாகச் சுழலும். பக்கவாட்டுக் கதவைத் திறந்து தோட்டாவை ஒவ்வொன்றாகப் போடுவது இந்த நிலையில்தான். மூன்றாவது ஒலி, பூட்டும் ஆணி மறுபடி மேலே எழும்பி உருளையைத் தொடுவது. நான்காவது, விசையின் நுனி கடைசி வெட்டில் அமர்வது. இதற்குள் ஒரு சின்ன இரும்பு விரல் உருளையின் பின்பக்கப் பல்சக்கரத்தைத் தள்ளி, சரியாக 60 பாகை திருப்பியிருக்கும். அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து நிற்கும்.

பல்லும் தள்ளு விரலும் சேர்ந்த இதே ஏற்பாடு சைக்கிளின் பின் சக்கரத்தில் இருக்கிறது. பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியில் இருக்கிறது. போல்ட் திருகும் ராட்செட் சாவியிலும் இருக்கிறது. ஒரு திசையில் விடும், மறு திசையில் பிடிக்கும். அதைக் கையளவு இடத்தில், மூன்று தகட்டு வில்களை வைத்துக்கொண்டு, வண்டியும் பட்டறையும் இல்லாத வனாந்தரத்தில் வேலை செய்யும்படி அமைத்தார்களே, அது மெச்சத்தக்க பொறியியல். இதை ரசிப்பதில் தவறு இல்லை என்றே நினைக்கிறேன்.

கைப்பிடியின் வளைவு

இன்னொரு ரசனை கைப்பிடி பற்றியது. கலப்பையின் பிடியைப் போல் வளைந்திருக்கும். அழகுக்காக மட்டும் அப்படி வைக்கவில்லை. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

இந்த வகையில் வழக்கமான ஈயக் குண்டின் எடை சுமார் 16.5 கிராம். வேகம் வினாடிக்குச் சுமார் 260 மீட்டர். துப்பாக்கியின் எடை ஏறக்குறைய 1.1 கிலோ, குண்டைப்போல் 67 மடங்கு. குண்டு முன்னால் போகும்போது துப்பாக்கி அதே உந்தத்தோடு பின்னால் வர வேண்டும். 260-ஐ 67-ஆல் வகுத்தால் வினாடிக்குச் சுமார் 4 மீட்டர். குழலிலிருந்து பீறிடும் வாயுவின் பங்கு தனி.

உந்தம் சமம் என்றாலும் ஆற்றல் சமம் அல்ல. குண்டின் ஆற்றல் 550 ஜூலைத் தாண்டும். 5 கிலோ அரிசிப் பை 11 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக்கு மேலிருந்து, விழும் ஆற்றல் அது. கைக்கு வருவதோ சுமார் 9 ஜூல். ஒரே வெடிப்பு, ஒரு பக்கம் உயிரை எடுக்கும், மறுபக்கம் கையைக் குலுக்கும். ஆறாம் படிவ இயற்பியலில் உந்தமும் ஆற்றலும் ஒன்றா என்று குழம்பும் மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அந்த 9 ஜூலும் உள்ளங்கையில் நேராகக் குத்தினால் வலிக்கும். குழல் கைக்கு மேலே இருப்பதால் துப்பாக்கி பின்னால் வருவதோடு மேல்நோக்கியும் சுழலும். வளைந்த பிடி அந்தச் சுழற்சிக்கு இடம் கொடுத்து உள்ளங்கைக்குள் உருள்கிறது. ஒரே குத்தாக வரவேண்டியது கொஞ்சம் நீண்ட நேரத்தில் பரவுகிறது. சுத்தியலின் வால் தானாகக் கட்டைவிரலுக்கு அருகில் வந்து நிற்பது கூடுதல் வசதி.

மாற்றி அமைக்கும் ஆசை

உரிமத்தோடு இவற்றை வைத்துக்கொள்ளும் நாடுகளில், அமெரிக்காவில் முக்கியமாக, வாங்கியபடியே யாரும் வைத்திருப்பதில்லை. சிலர் கைப்பிடியைத் தங்கள் கைக்கு ஏற்ப வால்நட் மரத்தில் கடைந்து போடுகிறார்கள். சிலர் உள்பாகங்களைத் தேய்த்து மெருகேற்றிச் சுத்தியலின் ஓட்டத்தைப் பட்டுபோல் ஆக்குகிறார்கள். குழலைக் குட்டையாக்குவோரும் உண்டு, செதுக்கு வேலை செய்து குடும்பச் சொத்தாக வைத்துக்கொள்வோரும் உண்டு. கோல்ட் நிறுவனமே இங்கிலாந்தின் பிஸ்லி குறிசுடும் போட்டிகளை மனத்தில் வைத்து, பிடியை மாற்றி 1890-களில் ‘பிஸ்லி’ என்ற வகையைக் கொண்டுவந்தது.

இந்த மாற்று வேலைகளுக்குப் பெரிய பெயர் எல்மர் கீத். அமெரிக்க மேற்கில் மாடு மேய்த்தவர், பிறகு துப்பாக்கி எழுத்தாளர். 1920-களின் கடைசியில் பிடி, சுத்தியல், குறிகாட்டி, பூட்டு எல்லாவற்றையும் மாற்றி, திறமான கைவினைஞர்களைக் கொண்டு தமக்கென ஒரு துப்பாக்கியைச் செய்துகொண்டார். ‘ஐந்தாம் எண்’ என்ற பெயரில் அது இன்றும் பேசப்படுகிறது.

அதே கீத்துக்கு ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. அளவுக்கு மீறிய கனத்தில் குண்டு ஏற்றிச் சுட்டபோது ஒரு 0.45 துப்பாக்கி அவர் கையிலேயே வெடித்துச் சிதறியது. இதை அவரே எழுதியிருக்கிறார். காரணம் எளியது. உருளையின் பருமன் மாறாது. குண்டு பெரிதாகப் பெரிதாக, அறைகளுக்கு நடுவே உள்ள இரும்புச் சுவர் மெலியும். 0.45-இல் அது ஏற்கெனவே மெல்லியது. அழுத்தத்தைத் தாங்காமல் பிளந்துவிட்டது. அதன் பிறகு அவர் கொஞ்சம் சிறிய 0.44-க்கு மாறினார். அதில் சுவர் தடிமன்.

மாற்றியமைப்பதில் இரண்டு வகை இருப்பதை இந்தக் கதையிலேயே பார்க்கலாம். பிடியை மாற்றினால் கை சுகப்படும், தவறு நேர்ந்தால் மரம் உடையும். உள்ளிருக்கும் அழுத்தத்தோடு விளையாடினால் தவறு நேரும்போது கை போகும். செய்கிறவனுக்கு இரண்டும் ஒரே மகிழ்ச்சியைத்தான் தருகின்றன. அதுதான் ஆபத்து. எது எந்த வகை என்பதை அந்த மகிழ்ச்சி சொல்லித் தராது.

ஆறாவது அறையின் கதை

இப்போது முதல் ஒலிக்குத் திரும்புவோம். பாதுகாப்பு வெட்டு என்று பெயர் வைத்தார்களே, அது பெயரளவுக்குத்தான் பாதுகாப்பு. கோல்ட்டின் சுத்தியலிலேயே அடிக்கும் ஊசி பொருத்தப்பட்டிருக்கிறது. ஊசிக்கு முன்னால் தோட்டாவின் பிரைமர், அதாவது அடித்தால் பற்றும் சிறு கிண்ணம். இரண்டையும் பிரித்து வைத்திருப்பது விசையின் மெல்லிய நுனியும் வெட்டின் விளிம்பும் மட்டுமே.

இடுப்புயரத்திலிருந்து, ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், 1.1 கிலோ துப்பாக்கி கீழே விழுகிறது. ஆற்றல் சுமார் 11 ஜூல். சுத்தியலின் வால் தரையில் பட்டால் அவ்வளவும் அந்த நுனியில் வந்து விழும். நுனி முறியலாம், விளிம்பு பெயரலாம். பிரைமரைப் பற்றவைக்க ஒரு ஜூல்கூடத் தேவையில்லை.

அனுபவசாலிகள் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். ஆறு அறை இருந்தாலும் ஐந்து தோட்டாதான் போடுவது, சுத்தியலுக்குக் கீழே காலி அறை இருக்கும்படி நிறுத்துவது என்று வழக்கம் வைத்தார்கள். ஒன்று போடு, ஒன்றை விடு, நான்கு போடு என்பது பாடம். நல்ல பாடம்தான். ஆனால் அது மனிதனின் நினைவில் இருக்கிறது, இயந்திரத்தில் இல்லை. களைத்தவன் மறப்பான், புதியவனுக்குத் தெரியாது, அவசரக்காரன் ஆறும் போடுவான். விபத்துகள் நடந்துகொண்டே இருந்தன.

1953-இல் வில்லியம் ரூகர் என்பவரின் நிறுவனம் கோல்ட் பாணியில் தன் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. உடையும் தகட்டு வில்களை எடுத்துவிட்டுச் சுருள் வில்களை வைத்தது. தகட்டு வில் வளையும் இடத்தில் தகைவு குவிந்து, ஆயிரக்கணக்கான வளைவுக்குப் பின் வெடிப்பு விடும். சுருள் வில்லில் அந்தச் சுமை கம்பி நீளம் முழுவதும் பரவுகிறது. வெளியே தெரியாத, யாரும் குறை சொல்லாத மாற்றம். ஆனால் அந்த மூன்று வெட்டுகளும் பழைய ஆபத்தும் அப்படியே இருந்தன.

1973-இல், அதாவது கோல்ட் வந்து சரியாக 100 ஆண்டு கழித்து, ரூகர் நிறுவனம் ‘டிரான்ஸ்ஃபர் பார்’ என்ற சிறு எஃகுப் பட்டையை உள்ளே வைத்தது. யோசனை புதிதல்ல. ஐவர் ஜான்சன் என்ற நிறுவனம் 1890-களிலேயே தன் மலிவு விலைத் துப்பாக்கிகளில் இதைப் பயன்படுத்தியது. செயல்முறை இதுதான். சுத்தியல் ஊசியைத் தொடவே தொடாது. அதன் முகம் துப்பாக்கியின் உடலில்தான் மோதி நிற்கும். விசையை முழுதாக அழுத்திப் பிடித்தால் மட்டும் பட்டை மேலே எழும்பிச் சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவில் வரும். அடி அதன் வழியாகக் கடந்து ஊசிக்குப் போகும். விரலை எடுத்தால் பட்டை இறங்கிவிடும். பிறகு சுத்தியலை எதால் அடித்தாலும் அடி ஊசிக்குப் போக வழி இல்லை. ஆறு தோட்டாவும் போடலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, பாகம் பழுதானால் என்ன ஆகும் என்பது. பழைய வெட்டு உடைந்தால் துப்பாக்கி வெடிக்கும். புதிய பட்டை உடைந்தால் துப்பாக்கி வெடிக்காது. எங்கள் ஊர் நிலையத்தைக் கடந்து போகும் ரயில்களும் நம்பியிருக்கும் தத்துவம் இது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் அமைத்த தானியங்கிக் காற்றுத் தடையில், குழாய் அறுந்து காற்று போனால் தடை தானாக விழும். பழுது என்பது வரத்தான் செய்யும், அது வரும்போது இயந்திரம் ஆபத்தில்லாத பக்கம் சாய வேண்டும் என்பதே அந்தத் தத்துவம்.

ரசிகர்கள் மறுத்தது ஏன்?

1980-களின் தொடக்கத்திலிருந்து ரூகர் நிறுவனம், 1973-க்கு முன் விற்ற தன் பழைய துப்பாக்கிகளைக் கொண்டுவந்தால் பட்டையை இலவசமாகப் பொருத்தித் தருவதாக அறிவித்தது. கழற்றிய பழைய பாகங்களையும் உடைமையாளரிடமே திருப்பித் தந்தது. அதற்கு முன்பே ஒரு விபத்து வழக்கு அலாஸ்கா உச்ச நீதிமன்றம் வரை போய், 1979-இல் தீர்ப்பாகியிருந்தது. வண்டிக்குள் கை நழுவி விழுந்த பழைய வகைத் துப்பாக்கி ஒன்று வெடித்து ஒருவர் காலில் காயப்பட்ட வழக்கு அது.

இலவசம், பழைய பாகமும் திரும்பக் கிடைக்கும். இருந்தும் பலர் மறுத்தார்கள். இன்றும் மறுக்கிறார்கள். மாற்றினால் விசையின் ‘சுவை’ கெட்டுவிடும் என்றார்கள். அந்த நான்கு ஒலிகள் போய்விடும் என்றார்கள். சேகரிப்பாளர் சந்தையில் விலை இறங்கும் என்றார்கள். இவை பொய்க் காரணங்கள் அல்ல. பழைய வகையின் விசை மிருதுவானது என்பதைத் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

இவர்களுள் ஒரு சாராரின் வாதம் வலுவானது. பழைய பொருள் ஒரு வரலாற்று ஆவணம், அதில் கைவைப்பது கோயில் கல்வெட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல என்பார்கள். இதை நான் மதிக்கிறேன். ஆனால் ஆவணம் என்றால் ஆவணமாக வையுங்கள். தோட்டா இல்லாமல், கண்ணாடிப் பெட்டியில். கையில் எடுத்துச் சுடுவேன், ஆனால் ஆபத்தைக் குறைக்கும் பாகம் மட்டும் வேண்டாம் என்றால் அது வரலாற்றுப் பற்று அல்ல. தன் விரலுக்குக் கிடைக்கும் சுகத்துக்காகப் பக்கத்தில் நிற்பவனின் உயிரைப் பணயம் வைப்பது. பார்வைப் பொருளா, வேலை செய்யும் இயந்திரமா என்று முடிவெடுத்துவிட்டால் பாதி வாதம் தீர்ந்துவிடும்.

நம் பட்டறைகளுக்கு வருவோம்

எங்கோ அமெரிக்காவில் துப்பாக்கிக்காரர்கள் செய்யும் பிடிவாதம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அதே பிடிவாதம் நம் வீட்டுப் பின்கட்டில் தொங்குகிறது. புல் வெட்டும் இயந்திரத்தைச் சொல்கிறேன்.

பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகு, சுங்கை சிப்புட்டைச் சுற்றி இந்த இயந்திரத்தின் சத்தம் கேட்காத நாள் இல்லை. இதில் இரண்டு காப்புகள் உண்டு. ஒன்று, வெட்டுத் தகட்டின் பின்னால் உள்ள மறைப்பு. இன்னொன்று, பிடியில் உள்ள பூட்டு நெம்பு. உள்ளங்கை அதை அழுத்தியிருந்தால்தான் வேக விசை வேலை செய்யும். கை நழுவினால் வேகம் தானாக இறங்கும். கோல்ட்டுக்கு 100 ஆண்டு கழித்துக் கிடைத்த அதே பட்டைதான், வேறு உருவத்தில்.

நம்மவர்கள் வாங்கிய வாரத்திலேயே மறைப்பைக் கழற்றிவிடுகிறார்கள். புல் அடைத்துக்கொள்கிறதாம், எடை அதிகமாம். பூட்டு நெம்பை ரப்பர் பட்டையால் இறுகக் கட்டிவிடுகிறார்கள். நாள் முழுவதும் அழுத்தினால் கை வலிக்கிறதாம். இவையும் பொய்க் காரணங்கள் அல்ல. எட்டு மணி நேரம் வெயிலில் நின்று வெட்டுகிறவனின் வலியை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

கணக்கைப் பாருங்கள். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள தகடு நிமிடத்துக்கு 7,000 முறை சுழன்றால், அதன் விளிம்பின் வேகம் வினாடிக்குச் சுமார் 92 மீட்டர், மணிக்கு 330 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 10 கிராம் கல் ஒன்று பறந்தால் அதன் ஆற்றல் 42 ஜூல். பெரிய துப்பாக்கிக் குண்டின் ஆற்றலில் சுமார் 13-இல் ஒரு பங்கு. கண்ணுக்கு அதில் ஒரு பங்கே அதிகம்.

நான் ஓய்வு பெறும் வரை தொழிற்பயிற்சிக் கூடத்தில் பட்டறைப் பாடம் நடத்தியவன். என்னிடம் படித்த பையன் ஒருவன், கெட்டிக்காரன், சில ஆண்டுகளுக்கு முன் சரிவான நிலத்தில் வெட்டும்போது கால் வழுக்கி விழுந்தான். கை பிடியை விட்டுவிட்டது. நெம்பு கட்டப்பட்டிருந்ததால் தகடு வேகம் குறையாமல் சுற்றி, முழங்காலுக்குக் கீழே இறங்கியது. மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். “கவனமாகத்தான் சார் செய்வேன், அன்னிக்கு மட்டும்…” என்றான். அந்த ரப்பர் பட்டை கட்டும் வித்தையை அவன் எங்கே கற்றான் என்று நான் கேட்கவில்லை. எங்கள் கூடத்து இயந்திரத்திலும் அப்படி ஒன்று கட்டியிருந்தது. பார்த்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன்.

மோட்டார் சைக்கிளிலும் இதே கதைதான். பக்கக் கால் மடங்காமல் இருந்தால் இயந்திரம் ஓடாதபடி இப்போது பல வண்டிகளில் ஒரு சுவிட்ச் வருகிறது. அது கோளாறு செய்தால் புதிதாகப் போடாமல் கம்பியை நேராக இணைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. பத்து நிமிட வேலை, செலவும் மிச்சம். இடது வளைவில் கால் தரையில் இடிக்கும் நாள்வரை எல்லாம் சரியாகவே இருக்கும்.

வண்டியை அழகுபடுத்துவதை நான் எதிர்க்கவில்லை. இருக்கையை மாற்றுங்கள், நிறம் அடியுங்கள், கைப்பிடியை உங்கள் கைக்கு ஏற்றபடி வையுங்கள். இயந்திரத்தைத் தன் கைக்கு ஏற்ப மாற்றுவது மனித இயல்பு. வெட்டுக் கத்தியின் பிடிக்குப் பழைய சைக்கிள் டியூப் சுற்றாத பால்மர வெட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. ஆனால் எந்தப் பாகத்தைக் கழற்றும் முன்பும், கட்டும் முன்பும், ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். என் கை தவறும் நொடியில் இந்தப் பாகம் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது என்றால் தாராளமாக மாற்றலாம். அந்த நொடிக்காகவே வைத்தது என்றால் தொடக்கூடாது. அது வலி தருகிறது என்றால், வலி தராத வேறு வடிவம் கேட்டு முதலாளியிடமும் விற்பனையாளரிடமும் சண்டை போடலாம். கட்டிப்போடுவது தீர்வாகாது.

பலகையில் ஒரு துப்பாக்கி

ஓய்வு பெற்ற பிறகு பால்மரப் பலகையில் ஒரு மாதிரி செய்தேன். இரண்டு அடி நீளம். துப்பாக்கியின் உருவமே கிடையாது. குழல் இல்லை, பிடி இல்லை. சுத்தியல், மூன்று வெட்டுகள், விசை, பல்சக்கரம், தள்ளு விரல் மட்டும். பக்கத்தில் இன்னொரு பலகையில் பட்டை வைத்த புதிய ஏற்பாடு. பிள்ளைகள் சுத்தியலை இழுத்து நான்கு ஒலிகளையும் எண்ணுவார்கள். பிறகு இரண்டு பலகையிலும் மரச் சுத்தியால் தட்டிப் பார்க்கச் சொல்வேன். ஒன்றில் ஊசி முன்னால் வரும், மற்றதில் வராது. விளக்கமே தேவைப்படாது.

உண்மையான பொருளைப் பார்க்க வேண்டுமானால் கோலாலம்பூரில் அரச மலேசிய போலீஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. அவசர காலத்தில் கைப்பற்றிய துப்பாக்கிகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். பள்ளிகள் சுற்றுலா போகும்போது அங்கும் அழைத்துப் போகலாம். யாரிடம் இருந்தது, எந்த ஆண்டு என்பதோடு, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் வெட்டுமாதிரி ஒன்றையும் அருகில் வைத்தால் வரலாற்றோடு அறிவியலும் சேரும். இந்த நாட்டில் சுழல் துப்பாக்கியை ரசிக்க அதுவே சரியான இடம்.

போன மாதம் ஒரு தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவுக்கு என் பலகைகளைக் கொண்டுபோனேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி முதல் பலகையை வெகுநேரம் இழுத்துப் பார்த்தாள். இதில்தான் சத்தம் நன்றாக இருக்கிறது என்றாள். நானும் ஆமாம் என்றேன். பிறகு மரச் சுத்தியை எடுத்து இரண்டையும் தட்டினாள். “அப்போ அப்பாவோட புல்லு மெசின்ல கட்டியிருக்கிற ரப்பரை அவிழ்த்துடணும், இல்லையா சார்?” என்று கேட்டாள். நான் அதுவரை புல் வெட்டும் இயந்திரம் பற்றி அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.